மலைப் பார்லி: கதிர் முழுவதும் காயும்வரை காத்திருக்க வேண்டாம்

நீலகிரியில் படுகர் மக்கள் முன்பு ராகி, சாமை, கோதுமையோடு பார்லியும் விளைவித்தனர். தேயிலையும் உருளைக்கிழங்கும் பரவிய பின் பார்லி அரிதாகிவிட்டது. ஜெகதளா, குன்னூர் பகுதியில் இதை மீண்டும் பயிரிடும் விவசாயிகள் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். பாடுபட்டு விளைவித்த மணி வீடு வந்து சேருமா என்பது அறுவடையின்போது எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

அறுவடைத் தருணம்

கதிருக்குக் கீழுள்ள காம்பு பச்சை மாறி மஞ்சளானால், மணிக்குச் சத்து செல்வது நின்றுவிட்டது என்று பொருள். அதற்கு முன் அறுத்தால் மணி சுருங்கி எடை குறையும். அதற்குப் பின் காத்திருந்தால் மகசூல் கூடாது, ஈரம்தான் குறையும். மணி நகத்துக்குப் பதியாமல் கெட்டிப்பட்டு, ஈரப்பதம் 18 முதல் 20 சதவீதமாக இருக்கும்போது அரிவாளால் அறுக்கலாம். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மணியை 12 சதவீதத்துக்குக் காயவைத்தால் சுமார் 91 கிலோ நிற்கும். குறைந்தது தண்ணீரே, தானியம் அல்ல.

தாமதித்தால் என்ன ஆகும்?

முற்றிய பார்லிக் கதிர் தலை கவிழும். மேலும் காய்ந்தால் காம்பு ஒடிந்து கதிரே நிலத்தில் விழும். மழையிலும் மூடுபனியிலும் நனைந்த மணி செடியிலேயே முளைவிடும். அது விதைக்கும் ஆகாது, மால்ட்டுக்கும் ஆகாது. எனவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரிக்குப் பின் பயிர் முற்றுமாறு விதையுங்கள். உறைபனி இறங்கும் பள்ளமான நிலங்களைத் தவிர்ப்பது நல்லது.

அறுவடை முறை

* காலைப் பனி ஈரம் உலர்ந்ததும் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் அறுத்து முடியுங்கள்.
* சிறு கட்டுகளாகக் கட்டி, கதிர் மேலே இருக்கும்படி காற்றோட்டமாக நிறுத்துங்கள். மழை அறிகுறி தெரிந்தால் கூரைக்கடியில் வையுங்கள்.
* ஈரக் கதிர்களைப் போர் போடாதீர்கள். சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த மணியை மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது.
* மணி நன்கு உலர்ந்த பிறகு கதிரடியுங்கள். இயந்திரத்தை அதிக வேகத்தில் ஓட்டினால் உமி உரியும், முளைக்கரு சிதையும், முளைப்புத்திறன் குறையும்.

சேமிப்பு

உலர்ந்த பாட்டிலில் மணியுடன் காய்ந்த பொடி உப்பைப் போட்டுக் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் இன்னும் அதிகம். ஒட்டாவிட்டாலும் தார்ப்பாயில் மேலும் ஒன்றிரண்டு வெயில் காயவிடுங்கள். 12 சதவீதத்துக்கு வந்தபின் மூட்டைகளைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், பலகை மேல் அடுக்குங்கள். விதைக்கு ஒதுக்கிய மணியை அடுப்பின் மேல் பரண்போட்டுச் சூடேற்ற வேண்டாம். அதிகச் சூட்டில் முளைப்புத்திறன் போய்விடும்.