குளத்தின் அடியில் ஒரு பசுமை உலகம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“பாசி” என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? வழுக்கும் படிக்கட்டுதான்! “பாசி பிடித்த குளம்” என்று சொன்னாலே முகம் சுளிக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பொங்கல் விடுமுறைக்கு எங்கள் கிராமத்திற்குப் போயிருந்தபோது, என் ஆயா குளத்துப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். ஊரில் சிலர் கூடிப் பேசி, பாசியை ஒழிக்க மயில்துத்தம் வாங்கி வந்து குளத்தில் கரைத்து ஊற்றினார்கள். ஒரு வாரத்தில் பாசி வெளுத்து மடிந்தது. தண்ணீரும் தெளிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கோ எல்லோரையும்விட அதிக மகிழ்ச்சி!

ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. மாசி மாதத்தில் குளத்து நீர் முழுவதும் பச்சைச் சாயம் கரைத்தது போல் ஆயிற்று. ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடித் தவித்தன. வெயில் ஏறுவதற்குள் ஏராளமான கெண்டைகள் செத்து மிதந்தன. பாசியைத்தானே கொன்றார்கள், மீன் ஏன் செத்தது? பாசியை ஒழித்த பிறகு தண்ணீர் ஏன் முன்னைவிடப் பச்சையாயிற்று? இக்கேள்விகளை எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் உடனே விடை சொல்லவில்லை. “ஒரு கண்ணாடித் தம்ளரில் ஏதாவது ஒரு நல்ல குளத்துச் சேற்றை எடுத்து வா, பிறகு பேசலாம்” என்றார்கள். அந்தத் தம்ளர் எனக்குக் கற்றுத் தந்ததையே இங்கு எழுதுகிறேன்.

மிதப்பவையும் தங்குபவையும்

தோழியரே, நம் திருவண்ணாமலையில் நீர்நிலைகளுக்குக் குறைவில்லை. பெரிய கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் உள்ளன. வெளியே தெப்பம் நடக்கும் அய்யங்குளம் இருக்கிறது. சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் பல தீர்த்தங்களைக் காணலாம். சற்றுத் தொலைவில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாத்தனூர் அணை உள்ளது. இப்படிப்பட்ட எந்த நன்னீர் நிலையிலும் பாசிகள் இரண்டு விதமாக வாழ்கின்றன. நீரில் மிதந்து திரிபவை ஒரு வகை. கல், மணல், சேறு, செடி ஆகியவற்றின்மேல் படிந்து வாழ்பவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையைத்தான் அடித்தளப் பாசிகள் என்கிறோம்.

ஒளி இருந்தால்தான் பாசி உணவு தயாரிக்க முடியும். நீர்மட்டத்தில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்காவது அடியை எட்டினால், அங்கே பாசி வாழலாம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே தெளிந்த குளத்தில் அடித்தளம் முழுவதுமே ஒரு பசுமை வயலாக இருக்கும். கலங்கிய குளத்தில் ஓரத்தில் மட்டுமே இருக்கும்.

கல்லின்மேல் வாழ்பவை பசை போன்ற பொருளைச் சுரந்து ஒட்டிக்கொள்கின்றன. மணலில் வாழ்பவை ஒவ்வொரு மணல் துகளின் பள்ளங்களிலும் ஒளிந்துகொள்கின்றன. நத்தையின் ஓட்டிலும் ஆமையின் முதுகிலும்கூடக் குடியேறும் பாசிகள் உண்டு! இவற்றுள் டயாட்டம் என்னும் நுண்பாசி மிக அழகானது. சிலிக்காவினால் ஆன கண்ணாடிப் பெட்டிக்குள் அது வாழ்கிறது. பெட்டியின் மேல்மூடி கீழ்த்தட்டைவிடச் சற்றுப் பெரியது. எங்கள் பள்ளி நுண்ணோக்கியில் முதன்முதலாக அதைக் கண்டபோது, “சேற்றுக்குள் இவ்வளவு நகைவேலைப்பாடா!” என்று வியந்தேன்.

தம்ளரில் கண்ட அதிசயம்

கொண்டு வந்த சேற்றைக் கலக்கி, தெளியவிட்டு, ஜன்னலோரம் வைத்தோம். மறுநாள் காலை பத்து மணிக்குச் சேற்றின்மேல் பழுப்பும் பச்சையுமாக ஒரு மெல்லிய படலம் தெரிந்தது. மாலையில் பார்த்தால் படலத்தைக் காணோம்! வெறும் சேறுதான் இருந்தது. அடுத்த நாள் காலையில் மீண்டும் வந்துவிட்டது. இது என்ன மாயம்?

சேற்றில் வாழும் டயாட்டம்கள் நகரக் கூடியவை. தம் ஓட்டிலுள்ள நீண்ட கீறலின் வழியே பசையைச் சுரந்து, அதன்மேல் வழுக்கிச் செல்கின்றன. நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நகர வல்லவை இருக்கின்றன. காலையில் ஒளியை நாடி மேலே வருகின்றன. மாலையில் சேற்றுக்குள் இறங்கிவிடுகின்றன. மறுநாள் சேற்றின்மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை விரித்து வைத்து, நண்பகலுக்கு முன் எடுத்தோம். மேலே ஏறி வந்தவை காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆராய்ச்சியாளர்களும் இதே முறையில்தான் சேற்றிலிருந்து பாசியைப் பிரித்தெடுக்கிறார்கள் என்று சிஸ்டர் கூறினார்கள்.

மூன்றாம் நாள் வெயிலில் படலமெங்கும் சிறு சிறு குமிழ்கள் தோன்றின. அவை ஒளிச்சேர்க்கையால் உண்டான பிராணவாயு. குளங்களில் பிற்பகலில் பாசி பாய் போல் மேலே மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் அடியில் வளர்ந்த பாசியே. குமிழ்கள் சிக்கிக்கொண்டதால் அது மேலே கிளம்பிவிடுகிறது.

வெள்ளமும் வறட்சியும்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்ததை நாம் மறக்க முடியாது. அத்தகைய வெள்ளம் ஆற்றுக் கற்களை உருட்டிப் புரட்டி, பாசியைத் துடைத்தெடுத்துவிடும். ஆனால் வெள்ளம் வடிந்த சில நாட்களிலேயே மறு குடியேற்றம் தொடங்கும். முதலில் கல்லோடு கல்லாகப் படியும் டயாட்டம்கள் வரும். பிறகு சிறு காம்புகளின்மேல் நிற்பவை வரும். இறுதியில் நீண்ட இழைப் பாசிகள் வரும். வெறும் நிலத்தில் புல்லும் புதரும் மரமும் அடுத்தடுத்துத் தோன்றிக் காடாவது போன்றதே இதுவும். காடாவதற்குப் பல்லாண்டுகள் ஆகும். இதற்குச் சில வாரங்களே போதும்.

கோடையில் ஏரி வற்றினால் பாசி என்ன ஆகும்? ஸ்பைரோகைரா, கேரா போன்றவை தடித்த உறையுள்ள வித்துகளைச் சேற்றில் விட்டுச் செல்கின்றன. அவை வறண்ட மண்ணில் உறங்கி, மழை பெய்ததும் முளைக்கின்றன. நீர் வற்றும் ஈரச் சேற்றிலேயே வாழும் ஓர் அரிய பாசியை நம் தமிழகத்து அறிஞர் ஒருவர் உலகுக்கு அறிவித்தார். அவர்தான் “இந்தியப் பாசியியலின் தந்தை” எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963). சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1932-ஆம் ஆண்டில் அப்பாசிக்கு ஃபிரிட்ஷியெல்லா என்று பெயரிட்டார். அதற்கு மண்ணுக்குள் இறங்கும் வேரிழை போன்ற பகுதியும், மேல்நோக்கி வளரும் பகுதியும் உண்டு. நீரில் வாழ்ந்த தாவரங்கள் நிலத்தில் எப்படிக் காலூன்றியிருக்கலாம் என்று சிந்திப்போருக்கு அது நல்லதொரு சான்றாயிற்று.

மீன் ஏன் செத்தது?

இனி என் கேள்விக்கு வருகிறேன். அடித்தளப் பாசி குளத்திற்கு மூன்று பெரும் தொண்டுகள் செய்கிறது. முதலாவதாக, நத்தைக்கும் தலைப்பிரட்டைக்கும் பூச்சிப் புழுக்களுக்கும் பல மீன்களுக்கும் அது உணவு. இரண்டாவதாக, தன் பசையால் சேற்றைப் பிணைத்து, நீர் கலங்காமல் காக்கிறது. மூன்றாவதுதான் மிக முக்கியமானது. சேற்றில் பாஸ்பரஸ் என்னும் உரச்சத்து நிறைய உண்டு. சேற்றின் மேற்பரப்பில் பிராணவாயு இருக்கும்வரை, அங்குள்ள இரும்புச் சத்து பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். அப்பிராணவாயுவைத் தருவது அடித்தளப் பாசியே. தப்பி வருகின்ற பாஸ்பரஸையும் அதுவே உண்டுவிடுகிறது. ஆக, சேற்றுக்கும் நீருக்கும் நடுவே அது ஒரு காவற்காரன்.

மயில்துத்தம் அந்தக் காவற்காரனைக் கொன்றது. பாசியை மேயும் நத்தைகளும் அதனால் மடியக் கூடியவையே. செத்த பாசி அழுகியபோது, பாக்டீரியாக்கள் அடியிலிருந்த பிராணவாயுவைத் தின்று தீர்த்தன. இரும்பின் பிடி தளர்ந்து, பாஸ்பரஸ் நீரில் கலந்தது. துத்தத்தின் வேகம் தணிந்ததும், மிதக்கும் பாசிகள் அவ்வுரத்தை உண்டு கொழுத்தன. அதனால்தான் நீர் பச்சையாயிற்று. அவை வெளிச்சத்தை மறைத்ததால் அடியில் மீண்டும் பாசி முளைக்க வழியில்லை. இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. ஆனால் சுவாசம் நிற்பதில்லை. மிதக்கும் பாசியும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து இரவெல்லாம் பிராணவாயுவை இழுத்தால், விடியும் வேளையில் மிஞ்சுவது என்ன? அதனால்தான் மீன்கள் விடியற்காலையில் மூச்சுத் திணறின.

சாட்சி சொல்லும் பாசி

எந்தப் பாசி இருக்கிறது என்பதைப் பார்த்தே நீரின் தரத்தைச் சொல்லலாம். 1908-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனி நாட்டு அறிஞர்களான கோல்க்விட்ஸ், மார்சன் ஆகிய இருவரும், எவ்வளவு கழிவு கலந்த நீரில் எந்தத் தாவரம் வாழும் என்று பட்டியல் தந்தார்கள். அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ரூத் பாட்ரிக் (1907–2013) டயாட்டம்களைக் கொண்டு ஆறுகளின் நலத்தை மதிப்பிடும் வழியை வகுத்தார். தூய நீரில் பல இனங்கள் கலந்து வாழும். கெட்ட நீரிலோ சகித்துக்கொள்ளும் சில இனங்களே பெருகும். மிதக்கும் பாசி நீரோடு போய்விடும். அடித்தளப் பாசியோ இருந்த இடத்திலேயே இருந்து, அவ்விடத்தில் நடந்ததற்குச் சாட்சி கூறும்.

நாம் செய்ய வேண்டியவை

அப்படியானால் படிக்கட்டுப் பாசியில் வழுக்கி விழுவதா என்று கேட்பீர்கள். வேண்டாம்! கால் வைக்கும் படிகளைத் துடைப்பத்தாலும் தேங்காய் நாராலும் தேய்த்து, பாசியை வாரிக் கரையேற்றிவிட வேண்டும். அது எருவாகும், அதிலுள்ள சத்தும் குளத்தை விட்டு வெளியேறும். அடித்தளத்தை மருந்திட்டுக் கொல்லக் கூடாது. சோப்புத் தூளையும் எண்ணெயையும் சாக்கடை நீரையும் பூசைப் பொருள்களையும் குளத்தில் சேர்க்காமல் இருந்தாலே, மிதக்கும் பாசி அளவோடு நிற்கும்.

இவற்றை எல்லாம் ஆயாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்கள். “நாங்க சித்திரையில தூர் வாரி, வண்டல நிலத்துக்கு அடிப்போம். படிய மட்டும் தேச்சு விடுவோம். மருந்து போட்டதே இல்ல கண்ணு” என்றார்கள். நான் நுண்ணோக்கியில் பார்த்துத் தெரிந்துகொண்டதை ஆயா அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்! இந்த ஆண்டு குளம் வற்றும்போது தூர் வார வேண்டும் என்று அப்பா ஊராரிடம் பேசியிருக்கிறார்கள். நானும் ஒரு துடைப்பத்துடன் போவேன்.

தோழியரே, இனி பாசியைக் கண்டால் முகம் சுளிக்காமல், சற்றுக் குனிந்து பாருங்கள். படியைத் தேய்ப்போம், குளத்தைக் காப்போம்!