காப்பித் தோட்டத்தின் கரிம உமிழ்வு: ஆபத்தும் உரிமையும் தீர்வும்

சேர்வராயன் மலையில் காப்பி வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்னின் காலத்தில். இன்று வாழவந்தி உள்ளிட்ட ஏற்காடு மலைக்கிராமங்களில் அராபிகா காப்பியும் மிளகும் மர நிழலில் சேர்ந்தே வளர்கின்றன. நிழல் மரங்கள் கரியமில வாயுவை ஈர்த்து வைத்தாலும், காப்பித் தொழிலுக்கும் உமிழ்வு உண்டு. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 21 முதல் 37 விழுக்காடு வரை உணவுத் துறையைச் சார்ந்தவை என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2019இல் மதிப்பிட்டது.

உமிழ்வு எங்கே பிறக்கிறது?

முதலாவது, உரம். யூரியா போன்ற தழைச்சத்து உரங்களைத் தேவைக்கு மேல் இட்டால், மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். இது கரியமில வாயுவைவிட 270 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. இரண்டாவது, பழத்தைத் தோலுரித்துக் கழுவும் முறை. பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தோலும் சதையுமாகக் கழிகிறது. அதுவும் கழுவிய நீரும் குழிகளில் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. மூன்றாவது, நிழல் மரங்களை வெட்டுவது. மரத்தில் சேர்ந்திருந்த கரிமம் இழக்கப்படுகிறது. வெயில் ஏறுவதால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சியின் தாக்குதலும் கூடுகிறது.

உரிமைகள்

கழுவுநீர் ஓடையில் கலந்தால் நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் மடியும். தண்ணீர் குடிக்க உதவாது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் இப்படிக் கழிவைக் கலப்பதைத் தடை செய்கிறது. தூய சூழலில் வாழ்வது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையையும் உச்ச நீதிமன்றம் 2024இல் ஏற்றது.

பாதிக்கப்பட்டவர்கள் சேலத்திலுள்ள மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் தரலாம். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. இழப்பீடு கோருவோர், கோரிக்கைக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாட வேண்டும்.

விவசாயி செய்யக்கூடியவை

மண் பரிசோதனை செய்து, பரிந்துரைத்த அளவு உரத்தை மட்டும் தவணைகளாகப் பிரித்து இடலாம். பழத்தோலை அடிக்கடி புரட்டிக் காற்றோட்டத்துடன் மட்கவைத்தால் மீத்தேன் குறையும், எருவும் கிடைக்கும். தண்ணீர் குறைவாகக் கேட்கும் தோலுரிப்பு இயந்திரங்கள் கழிவுநீரைக் குறைக்கும். பழத்தைத் தோலோடு களத்தில் உலர்த்தினால் கழுவுநீரே இராது. ஒரே வகை சில்வர் ஓக்கை நம்பாமல் பல வகை நாட்டு மரங்களை நிழலுக்கு வளர்ப்பது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதிமுறை, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியை அங்கே விற்கத் தடை விதிக்கிறது. ஆகவே தோட்டத்தின் அமைவிடம், நில ஆவணம் ஆகியவற்றை விவசாயி ஒழுங்காக வைத்திருப்பது அவசியம். கார்பன் வரவு (உமிழ்வைக் குறைத்ததற்கோ கரிமத்தைச் சேமித்ததற்கோ கிடைக்கும், விற்கத்தக்க சான்று) வாங்கித் தருவதாகச் சொல்லும் எவருடைய ஒப்பந்தத்திலும், காலம், பங்கு, விலகும் வழி ஆகியவை தமிழில் எழுத்தில் தெளிவாகாமல் கையெழுத்திட வேண்டாம். ஐயம் இருந்தால் காப்பி வாரிய அலுவலரிடமோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ முதலில் கேட்டறியுங்கள்.