பழைய காருக்கு எந்த என்ஜின்?

ஏர் பூட்டி உழுத நாளில், ஒரு மாடு தளர்ந்துவிட்டால் கரிசல் காட்டு உழவர் ஏரையும் வண்டியையும் விற்றுவிடுவதில்லை. சந்தைக்குப் போய் வேறு மாடு தேடுவார். அங்கும் மிகப் பெரிய மாடு எது என்று பார்ப்பதில்லை. தம் நிலத்துக்கும், கூடப் பூட்டும் மாட்டின் நடைக்கும், மடியிலுள்ள பணத்துக்கும் எது பொருந்தும் என்றே பார்ப்பார். பழைய மோட்டார் காருக்கு மாற்று என்ஜின் தேடுகிறவருக்கும் இதுவே வழி என்பது என் கருத்து.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கும் எட்டயபுரத்துக்கும் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். என்ஜின் நின்றால் வருவாய் நிற்கும். கடன் வாங்கிப் பொருத்திய என்ஜின் வண்டிக்கு ஒவ்வாமற் போனாலோ, வருவாயும் வராது; கடனும் தீராது. ஆகவே இது நிதானமாக ஆராய வேண்டிய பொருள்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசடர் கார்தான் அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி 1957-58-இல் வந்த அவ்வண்டி, 2014 மே மாதத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ ஒரே உருவத்தோடு விளங்கியது. உள்ளேயிருந்த என்ஜினோ பலமுறை மாறியது. முதலில் 1,476 சி.சி. பக்கவால்வு என்ஜின், 1959-இல் 1,489 சி.சி. மேல்வால்வு என்ஜின், 1980-ஐ ஒட்டி அதே 1,489 சி.சி. அளவில் டீசல் என்ஜின். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு வகையைச் சேர்ந்த 1,817 சி.சி. பெட்ரோல் என்ஜின்.

சி.சி. என்பது கன சென்டிமீட்டர். 1,489 சி.சி. என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். உருளையின் கனஅளவைக் காணும் பள்ளிக்கூட வாய்பாட்டில் இவற்றை இட்டு, சிலிண்டர்கள் நான்கு ஆதலால் நான்கால் பெருக்குங்கள், 1,489 வரும்.

ஆயினும் கொள்ளளவு ஒன்றாயிருப்பதால் ஆற்றலும் ஒன்றாயிராது. அந்தப் பெட்ரோல் என்ஜின் ஏறக்குறைய 50 குதிரைச் சக்தி தந்தது. அதே அளவுள்ள டீசல் என்ஜின் ஏறக்குறைய 37 குதிரைச் சக்தியே தந்தது. டீசல் என்ஜினில் மின்பொறி இல்லை. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்க உறுப்புகள் கனமாயிருக்க வேண்டும், அதிர்வும் மிகுதி. ஆனால் எரிபொருட் செலவு குறைவு. வாடகைக் கார்க்காரர்கள் டீசலை நாடியது இதனால்தான்.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். 1984-இல் அதே நிறுவனம் காண்டெஸா என்ற பெரிய காரை வெளியிட்டபோது, அதே 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினையே பொருத்தியது. அம்பாசடருக்குப் போதுமாயிருந்த என்ஜின் அந்தக் கனத்த உடலுக்குப் போதவில்லை. பின்னர் இசுசு என்ஜினை வைத்தார்கள். அதனோடு ஐந்து கியர் கொண்ட பெட்டியும் சேர்ந்தே வந்தது. என்ஜின் ஒருபோதும் தனியே வருவதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். கிளட்ச், கியர் பெட்டி, தாங்குகட்டைகள், ரேடியேட்டர், பிரேக் எல்லாம் அதற்கேற்ப மாறவேண்டி வரும். மலிவாய்க் கிடைத்ததென்று வேற்று வகை என்ஜினை வாங்கிவிட்டு, லேத் பட்டறைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் அலைந்தால், மிச்சப்படுத்திய பணம் அங்கே போய்விடும்.

ஆகவே முதற்கேள்வி, என்ஜினை மாற்றத்தான் வேண்டுமா என்பது. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளவிட்டுப் பார்க்கவேண்டும். அழுத்தம் குறைந்திருந்தால், பெட்ரோல் என்ஜினாயின் அதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவேண்டும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்திருக்கின்றன. உயராவிட்டால் குற்றம் பெரும்பாலும் வால்வுகளிலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கும். வால்வைத் தேய்த்து உட்காரவைப்பது என்ஜினை மாற்றுவதைவிட மிகச் சிறிய செலவு.

சிலிண்டர் தேய்ந்திருந்தாலும், அதைக் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்டன் இடலாம். அதுவும் இயலாத நிலையில்தான் அதே வகை என்ஜின் ஒன்றைத் தேடவேண்டும். வேற்று வகை கடைசி வழி. உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், பழுதுபார்க்கத் தெரிந்தவர் அருகில் யார் என்பதை விலை பேசுமுன் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது, வண்டி ஓடும் மண். கரிசல் மண் மழையில் ஊறிப் பசையாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது உதவுவது அதிவேகமன்று. குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவை. கோடையில் அதே மண் புழுதியாய்ப் பறக்கும். காற்று வடிகட்டி சரியில்லையேல், புது என்ஜினும் விரைவில் தேய்ந்துவிடும். உப்புக் கலந்த கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உட்புறம் படிவு கட்டும். வெயிலில் என்ஜின் கொதிக்கும். என்ஜினுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை வடிகட்டிக்கும் ரேடியேட்டருக்கும் வைப்பதே அறிவுடைமை.

சட்டத்தையும் மறத்தலாகாது. என்ஜினின் எண் பதிவுச் சான்றில் உள்ளது. வண்டியின் மாற்றங்களைப் பற்றி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கிறது. தயாரிப்பாளர் குறித்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்புரைத்தது. ஆகையால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலை முன்னதாகவே பெறவேண்டும். பழைய என்ஜின் வாங்கும்போது, அது எந்த வண்டியினுடையது என்பதற்குரிய தாள்களையும் கேட்டு வாங்கவேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாய், அதில் வண்டி 10 கிலோமீட்டர் ஓடும். டீசல் 90 ரூபாய், அதில் 15 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு முன்னதற்குப் பத்து ரூபாய், பின்னதற்கு ஆறு ரூபாய். மிச்சம் நான்கு ரூபாய். ஒப்புதல் கிடைத்து, டீசலுக்கு மாற்ற 80,000 ரூபாய் கூடுதலாகுமானால், 20,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே அந்தப் பணம் திரும்பும். நாள்தோறும் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அது சில மாதங்களில் கைகூடலாம். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும் வீட்டு வண்டிக்கோ ஐந்து ஆண்டுகள் ஆகும். ஒருவருக்கு இலாபமான என்ஜின் மற்றவருக்கு நட்டமாவது இவ்வாறுதான்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்தப் பேச்சு எழுந்தால், ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உடன் உட்காருங்கள். எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்குமுன், ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள்.