ஊட்டி பஸ் நிற்கும் ஊரில் இத்தனை அதிசயமா!

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற பஸ் குண்டலுபேட்டையில் நிற்கும். டீயைக் குடித்துவிட்டு ஏறிவிடுவோம். எதைக் கோட்டை விடுகிறோம் தெரியுமா?

ஜூலை மாதம் மேற்கே வயநாட்டில் குடைக்கு அடங்காத மழை. காட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் குண்டலுபேட்டையில் பல நாள் சுள்ளென்று வெயில்! கடல் காற்று மலையேறும்போது குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. பிழிந்த துணியாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஈரக்காற்று ஏறும்போது கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குளிரும். ஈரம் போன காற்று இறங்கும்போது கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறும்! இதுதான் மழை மறைவுப் பகுதி.

ஆனால் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், 1,454 மீட்டர் உயரத்தில் ஹிமவத் கோபாலசாமி பெட்டா. பந்திப்பூர் காட்டின் உச்சி அதுதான். அங்கே பட்டப்பகலில் மூடுபனி!

காலடியிலோ இன்னும் பெரிய கதை. தெற்கே மாயாறு ஓடுகிற பள்ளத்தாக்கு இருக்கிறதே, ஆங்கிலேயர் ‘மைசூர் டிட்ச்’ என்றார்களே, அந்த வழியாகத்தான் மைசூர்ப் பீடபூமியின் பாறையும் நீலகிரியின் பாறையும் ஒட்டிக்கொண்ட தழும்பு ஓடுகிறது. ஒட்டி எவ்வளவு காலம்? சுமார் 250 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் புவியியலாளர்கள். டைனோசர்கள் தோன்றியே 25 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை!

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். பந்திப்பூர் மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மழைத்துளி விழுகின்றன. ஒன்று வடக்குச் சரிவில் உருண்டு குண்டலு ஆற்றில் சேர்கிறது. நஞ்சன்கூட்டில் கபினி, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரி, அப்புறம் மேட்டூர். இன்னொன்று தெற்கே மாயாற்றில் விழுந்து, பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. மலையின் இரு பக்கமும் பிரிந்துபோன இரண்டும் எங்கே சந்திக்கும்? ஈரோடு மாவட்டத்துப் பவானி கூடுதுறையில்! நடுவில் எந்த மதகிலும் வயலிலும் மாட்டாமல் இருந்தால், அதுதான் நிபந்தனை. அரபிக்கடலில் எழுந்த நீர் வங்கக்கடலுக்குப் போகிற வழி இது.

1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த குண்டலுபேட்டை இப்போது சாமராஜநகர் மாவட்டம். எந்த மாவட்டமானால் என்ன, ஜூலை, ஆகஸ்டில் சாலையோரம் முழுக்கச் சூரியகாந்தி. கேரளக் கார்கள் வரிசை கட்டும். அந்தப் பூ நாள் முழுக்கச் சூரியன் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் என்று பள்ளியில் படித்தோமே? மொட்டாக இருக்கும் வரைதான்! விரிந்து முதிர்ந்துவிட்டால் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். படம் எடுக்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் போனால் அத்தனை பூவும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.