கூரையில் நீர்க்கசிவு: மேல் வீட்டாருக்கு மட்டுமா பொறுப்பு?

முதலில் குளியலறைக் கூரையில் ஒரு மஞ்சள் கறை தெரியும். சில வாரங்களில் சாயம் உப்பி உரியத் தொடங்கும். பிறகு ஒருநாள், குளித்துக்கொண்டிருப்பவரின் தோளில் மேல் வீட்டுத் தண்ணீர் சொட்டும். பல ஆண்டுகளாக மின்தூக்கியில் புன்னகைத்துக்கொண்ட இரு குடும்பங்களுக்கு இடையே அன்றுதான் மனக்கசப்பு தொடங்குகிறது.

“மேலிருந்துதானே ஒழுகுகிறது, அவர்களே சரிசெய்யட்டும்” என்பார் கீழ் வீட்டுக்காரர். “என் வீட்டில் ஒரு சொட்டும் இல்லையே, நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?” என்பார் மேல் வீட்டுக்காரர். வீவக வீடுகளைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் முழுமையாகச் சரியல்ல. இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள கூரையில் ஏற்படும் கசிவைக் கண்டறிந்து சரிசெய்வது இரண்டு வீட்டு உரிமையாளர்களின் கூட்டுப் பொறுப்பு.

கசிவு எப்படி ஏற்படுகிறது?

குளியலறைத் தரையில் நாம் காண்பது டைல்ஸ் மட்டுமே. அதன் கீழே சிமெண்டுப் பூச்சும், அதற்கும் கீழே தண்ணீரைத் தடுக்கும் படலமும் உண்டு. இவற்றைத் தாங்கி நிற்பது காங்கிரீட் தளம். தண்ணீரை உண்மையில் தடுப்பது அந்தப் படலம்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்ந்து வலுவிழக்கும். மேல் வீட்டுத் தரை காய்ந்திருந்தாலும் கீழே கசிவதற்கு இதுவே காரணம்.

கறையின் மீது மீண்டும் சாயம் பூசினால் அது சில மாதங்களுக்கு மறையலாம், ஆனால் ஈரம் உள்ளேயே இருக்கும். அது காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, காங்கிரீட்டைப் பிளந்து கீழே விழச் செய்யும். அது யார் தலையிலும் விழலாம். கூரை விளக்கின் அருகே நீர் சொட்டினால், அந்த விளக்கிற்கான மின்சாரத்தை உடனே துண்டிக்க வேண்டும்.

மூலத்தை அறிவது எப்படி?

எப்போது சொட்டுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைப்பது நல்லது. இரவு பகலாகச் சொட்டினால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். மேல் வீட்டார் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் அவர்களின் தண்ணீர் மீட்டர் ஓடினால் அந்தச் சந்தேகம் வலுப்படும். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரைப் படலத்தையோ கழிவுநீர்க் குழாயையோ சோதிக்கவேண்டும். மழைக்குப் பிறகு ஈரம் தெரிந்தால் வெளிச்சுவரைப் பார்க்கவேண்டும்.

யார் எவ்வளவு கொடுப்பது?

தேய்மானத்தால் ஏற்பட்ட கசிவுக்கு வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தை நாடலாம். தகுதி பெறும் வீடுகளுக்குச் செலவில் 50 விழுக்காட்டை வீவக ஏற்கும். மீதியை மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் ஆளுக்கு 25 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்வர்.

தனியார் அடுக்குமாடி வீடுகளில் நிலைமை வேறு. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் கண்டால், மாறாக நிரூபிக்கப்படாத வரையில், குறை மேலே உள்ள வீட்டிலோ பொதுச் சொத்திலோ இருப்பதாகவே சட்டம் கருதுகிறது.

மேல் வீட்டார் கதவைத் திறக்க மறுத்தால் என்ன செய்வது? முதலில் வீவக கிளை அலுவலகத்தையும், பிறகு சமூக சமரச நிலையத்தையும் அணுகலாம். அவசரப் பழுதுபார்ப்புக்காக வீட்டினுள் நுழைய வீவக அதிகாரிகளுக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதிகாரம் அளித்துள்ளது. எனினும் அது கடைசி வழியாகவே இருக்கவேண்டும்.

வருமுன் காப்போம்

டைல்ஸ் இடுக்குகளில் உள்ள பூச்சு உதிர்ந்தால் உடனே நிரப்ப வேண்டும். கடுமையான அமிலத் திரவங்களால் அடிக்கடி கழுவினால் அந்தப் பூச்சு அரிக்கப்படும். வடிகால் துவாரத்தில் முடி அடைத்துத் தண்ணீர் தேங்க விடக்கூடாது. டைல்ஸை மாற்றும்போது புதிய படலம் இடப்படுவதை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். புதிய வீவக வீடுகளின் குளியலறை டைல்ஸை முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெயர்க்க அனுமதி இல்லை. கட்டும்போது இடப்பட்ட படலத்தைக் காப்பதே இதன் நோக்கம்.

மேல் வீட்டுத் தரையை உடைத்துப் புதிய படலம் இடும்போது, அந்தக் குடும்பம் சில நாள்களுக்கு அந்தக் குளியலறையைப் பயன்படுத்த முடியாது. கூரை சரியாவது கீழ் வீட்டாருக்கு, தூசியும் சத்தமும் மேல் வீட்டாருக்கு. இதை உணர்ந்து, “எங்கள் குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்” என்று கீழ் வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால், புகார்க் கடிதத்தால் திறக்காத கதவும் திறக்கக்கூடும்.