கியர் பாக்ஸின் அடிக்கட்டை

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வரை ஏறி இறங்கும் பொலேரோவுக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புக்கும் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். கொண்டை ஊசி வளைவில் அரை கிளட்ச்சிலேயே நின்று ஏறினால் வேறென்ன ஆகும்? திருவண்ணாமலை பட்டறைக்கு வண்டி வந்ததும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு முன்னால், அதன் வால் பக்கத்தைத் தாங்கும் கிராஸ் மெம்பரைக் கழற்ற வேண்டும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்; அவசரப்படுகிறவர்கள் அடிபடும் இடம் இது.

இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒன்றாகப் பூட்டியவை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று முக்காலி போல மூன்று இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அந்தப் பின்கால்தான் கிராஸ் மெம்பர்: சேஸின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே போல்ட் போட்ட இரும்புச் சட்டம், அதன் மேல் ஒரு ரப்பர் மவுண்டிங். சும்மா கழற்றினால் வால் தொங்கிவிடும். இன்ஜின் பின்னால் சாயும், விசிறி ரேடியேட்டர் கூட்டில் இடிக்கும், ஹோஸ் இழுபடும். கீழே படுத்திருப்பவரின் கை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதல் வேலை எடையை வாங்குவது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. இன்னொரு ஜாக்கியைப் பலகை வைத்து கியர் பாக்ஸுக்குக் கொடுத்து, மவுண்டிங்கில் பாரம் குறையும் வரை மெல்ல ஏற்றுங்கள். சைலன்சர் கிளாம்ப்போ ஹேண்ட் பிரேக் கேபிளோ சட்டத்தில் மாட்டியிருந்தால் விடுவியுங்கள். சட்டத்தின் முன்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பார்க்க இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். திருப்பிப் போட்டால் துளை சேராது, சேர்ந்தாலும் மவுண்டிங் கோணலாக நிற்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின இரவே எண்ணெய் விடுவது நல்லது. பௌர்ணமி சவாரி போய்விடும் என்று வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், ஒரு ராத்திரி ஒன்றுமே இல்லை.

சட்டம் கையில் இருக்கும்போதே ரப்பரை வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தினால் வெடிப்பு வாயைத் திறக்கிறதா, ஓரம் உப்பி பிசுபிசுக்கிறதா? பிசுபிசுப்பு என்றால் பெரும்பாலும் மேலே ஆயில் சீல் கசிகிறது. ரப்பரை மட்டும் மாற்றினால் புது ரப்பருக்கும் அதே கதிதான்; சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

திரும்பப் பூட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கத்தைக் கடப்பாரையால் நெம்பாதீர்கள். எல்லா போல்ட்டையும் விரலாலேயே சில மரை ஓட்டிவிட்டு லூசாக விடுங்கள். பிறகு ஜாக்கியை இறக்கி, கியர் பாக்ஸின் எடை மவுண்டிங்கில் தானாக உட்காரட்டும். உட்கார்ந்த பிறகு சேஸ் போல்ட், கடைசியில் மவுண்டிங் நட்டு. கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். எடை வராமல் இறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டே நிற்கும்: ஐடிலில் கியர் லீவர் நடுங்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

முதல் மலை நடை போய்வந்ததும் வண்டியை மறுபடி வரச் சொல்லி, ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.