ஜெயிலர்களுக்கு ஒரு வகுப்பறை
பாலாற்றங்கரைப் பாடங்கள் – 9

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் ஊர்களையே இதுவரை சுற்றி வந்தோம். இந்த வட்டாரத்தில் உயர்ந்த மதிலுக்குள்ளும் ஷூ தைக்கிறார்கள். வேலூர் மத்திய சிறையின் தண்டனைக் கைதிகள் தயாரிக்கும் ஷூக்கள் தமிழ்நாடு காவல்துறைக்குப் போகின்றன. அந்தச் சிறை இருக்கும் தொரப்பாடியில்தான் சிறையை நடத்துகிறவர்கள் படிக்கும் பள்ளிக்கூடமும் இருக்கிறது. முழுப்பெயர் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாக அகாடமி. 'ஆப்கா' என்றால்தான் ஊரில் தெரியும்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நான்கு மாநில அரசுகள் கைகோத்து 1979-ல் இதைத் தொடங்கின. தண்ணீருக்காக நீதிமன்றப் படியேறும் மாநிலங்கள் ஜெயிலர்களின் படிப்புக்காக ஒன்றுசேர்ந்தது எனக்கு இன்றும் வியப்புதான். சிறை மாநிலப் பட்டியலில் உள்ள துறை, ஆளுக்கொரு சட்டம். கர்நாடகத்துக்கு 1963-ல் தனிச் சட்டம் வந்தது, கேரளத்துக்கு 2010-ல். தமிழ்நாடோ 1894-ஆம் ஆண்டு வெள்ளையர் சட்டத்தையும் 1983-ல் எழுதிய விதிகளையும் வைத்து நடத்திக்கொண்டிருக்கிறது.

அதனால் இங்கே பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் அனுபவம் வேறாக இருக்கும். பரோல் கேட்டு வரும் மனுவை எப்படிப் பரிசீலிப்பது, கைதிக்குக் கூலி எவ்வளவு, கைதியைப் பார்க்க வரும் மனைவி மக்களை எங்கே உட்காரவைப்பது? சொந்த மாநிலத்தில் ஒரு துணை ஜெயிலருக்கு மேலிருந்து வருவது சுற்றறிக்கை. கீழிருந்து வருவது புகார். "இதை எப்படிச் சமாளிக்கிறது?" என்று தன் மேலதிகாரியிடம் கேட்டால் வேலை தெரியாதவர் என்று பெயராகிவிடும். வேறு மாநிலத்துக்காரரிடம் அந்தப் பயமில்லாமல் கேட்கலாம். பாடத்திட்டத்தில் உள்ள சட்டமும் உளவியலும் புத்தகத்திலேயே கிடைக்கும். இந்தத் துணிச்சல் சக ஊழியரோடு உட்கார்ந்தால்தான் வரும்.

தென்மாநிலச் சிறைகளுக்குள் யோசனைகள் ஊர்விட்டு ஊர் போகின்றன. ஐதராபாத் சஞ்சல்குடா சிறை பெட்ரோல் பங்க் திறந்தது. பிறகு தமிழ்நாட்டில் 'ஃப்ரீடம்' என்ற பெயரில் வேலூர் உட்படப் பல ஊர்களிலும், கேரளத்திலும் சிறை பங்க்குகள் வந்தன. கேரளச் சிறைகளில் சுட்டு இரண்டு ரூபாய்க்கு விற்ற சப்பாத்தி நாடறிந்தது. வருமானம் வருகிற யோசனை, திறப்பு விழா நடத்தத் தோதான யோசனை, சீக்கிரம் பரவிவிடுகிறது.

கைதியை மனிதராக நடத்தும் யோசனைக்கு அந்த வேகம் இல்லை. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறையில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது. பாளையங்கோட்டைச் சிறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. அதே ஆண்டில் வேலூர்ச் சிறையிலிருந்து ஒரு புகார் எழுந்தது: ஆயுள் கைதி ஒருவரை அதிகாரியின் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள், பிறகு அடைத்துவைத்துத் தாக்கினார்கள் என்று. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. ஆப்கா இருக்கும் அதே தொரப்பாடியில் எழுந்த புகார் இது.

வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். ஆனால் ஆப்காவின் அடுத்த அணி ஜெயிலர்கள் இந்தத் தீர்ப்பையும் புகாரையும் வகுப்பில் வைத்து விவாதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டு வேலைக்குக் கைதியை அனுப்பச் சொல்லி மேலதிகாரி வாய்மொழியாக உத்தரவிட்டால், இருபத்தாறு வயது துணை ஜெயிலர் என்ன பதில் சொல்வது, எந்தப் பதிவேட்டில் எழுதுவது, யாருக்குத் தெரிவிப்பது? எல்லா மாநிலத்துக்காரர்களும் தங்கள் ஊரில் நடப்பதை ஒளிக்காமல் சொல்லட்டும். தண்டனை முடிந்து வெளியே வந்த சிலரையும் அந்த வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம்.

(தொடரும்)